தேர்ச்சிக்கு எண்பது

கரண்டு போனால்
பாடம் முதலிலிருந்து தொடங்கும்.
வெட்டூர்ணிமடத்தில் இன்றைக்கு மூன்று தடவை போனது.
மூன்று தடவையும் அதே பெண்குரல்:
"மனிதர்கள் பங்கேற்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான
அறநெறிப் பயிற்சிக்கு நல்வரவு."
வேகத்தைக் கூட்ட வழியில்லை.
திரையைத் தாழ்த்திவிட்டுத் துணி மடித்தால்
அதற்குத் தெரிந்துவிடுகிறது,
நின்றுகொள்கிறது.

நாளைக்குள் சான்றிதழ் வேண்டும்,
இல்லையென்றால் அடுத்த தவணைப் பணம் வராது
என்றார் டாக்டர் ஐடா.
ரத்தம் எடுத்து முடித்து
எட்டு மாதம் ஆகிறது.

முதல் அலகு வரலாறு.
எங்கெங்கோ உள்ள ஊர்கள்.
சொல்லாமல் ஊசி போடப்பட்டவர்கள்,
மருந்து இருந்தும் கொடுக்கப்படாதவர்கள்.
"ச்சே" என்றேன்.
'அடுத்து' என்பதை அழுத்தினேன்.

ஐந்தாம் வினா:
மறுக்க முடியாத அளவுக்கு ஈட்டுத்தொகை அமைந்தால்
அது என்ன செய்யும்?

நாங்கள் போனது ஆனியில்.
கடல் அடித்துக்கொண்டு கிடந்தது,
வள்ளங்கள் தென்னைமூட்டில் கவிழ்ந்து கிடந்தன.
ஆண்கள் வீட்டில் இருக்கும் மாதம் இதுதான் என்று
அட்டவணை போட்டவள் நான்.
ஆளுக்கு முந்நூறு ரூபாய், ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.
காலை ஆறரைக்கே
குருசடியிலிருந்து ஏலக்கூடம் வரை வரிசை.
அறிக்கையில் அதை 'ஆர்வம்' என்று எழுதினேன்.

கை தானாக 'ஆ'வுக்குப் போனது:
பங்கேற்பை ஊக்குவிக்கும்.
சிவப்பு.

ஏழாம் வினா சுலபம்.
பங்கேற்பாளர் காரணம் சொல்லாமலே
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.
சரியா, தவறா?

சேசடிமை மத்தியானம் ஓடி வந்தார்.
கட்டைவிரலில் மை காயவில்லை.
"பிள்ளே, எனக்க ரத்தத்தத் திருப்பித் தா.
மவளுக்கு இரையுமன்துறையில பேசி வச்சிருக்கு.
சோக்கேடு உள்ள குடும்பம்ணு
ஒரு சொல்லு வந்தா போச்சு.
இந்தா, வாளியும் ரூவாயும்."
வாளிக்குள் மூன்று நூறு, மடிக்காமல்.

நான் சிரித்தேன்.
பல் அத்தனையும் தெரிந்திருக்கும்.
"அண்ணாச்சி, அது என்ன கடைச்சாமானா?
ஐஸ் போட்டுப் பூட்டியாச்சு.
உங்க பேரே அதில கெடையாது, வெறும் நம்பர்."
"பேரு இல்லேண்ணா பின்ன
அது எனக்க ரத்தம்ணு நீ எப்பிடி அறிவே?"
ஜீப் கிளம்பியது.
வாளியை மணலில் வைத்துவிட்டு நடந்தார்.
மிச்சம் வாளி ஒன்று என்று
கணக்கில் சேர்த்தேன்.

'சரி' என்பதை அழுத்தினேன்.
பச்சை. பத்து மதிப்பெண்.

மொத்தம் தொண்ணூறு.
ஜெ. பெனிற்றா மேரி என்று
என் பெயரைப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள்.
மூன்று வருடம் செல்லும்.

சனிக்கிழமை குளச்சல் பஸ் ஏறினேன்.
யாரும் அனுப்பவில்லை.
சேசடிமை வலை பொத்திக்கொண்டிருந்தார்.
மணலில் உட்கார்ந்து
பதினோரு பக்கத்தையும் வாசித்தேன்,
அன்றைக்கு நாற்பது நொடியில் முடித்ததை.
நாலாம் பக்கத்தில் நிறுத்தினார்:
"வருங்கால ஆய்வுக்கும்ணா
எத்தன வருங்காலம்?"
தெரியாது என்றேன்.
அந்த ஊரில் நான் சொன்ன
முதல் 'தெரியாது'.

மகள் கல்யாணம் முடிந்துவிட்டதாம்,
முழுகாமல் இருக்கிறாளாம்.
இனி என்ன, சம்மதிப்பார் என்று நினைத்தேன்.
நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.
"வேண்டாம் பிள்ளே."
ஏன் என்று வாய் வரைக்கும் வந்தது.
ஏழாம் வினா.
மூடிக்கொண்டேன்.

கடுங்காப்பி தந்தார்.
வாளியைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தேன்,
அதையும் வேண்டாமென்றார்.

ஆய்வகத்தில் நூற்று நாற்பத்தேழாம் குப்பியை எடுத்தபோது
பனி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
மூடியில் என் கையெழுத்து.
பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்,
கோடு போட்டேன்.
உள்ளே இன்னும் முந்நூற்றுப் பதினொன்று.
கதவைச் சாத்தினேன்.
சரியாகச் சாத்தாவிட்டால்
அது கத்தும்.
கத்தியது.